கனமான பாக்கெட்

பாக்கெட் வாங்குகிறவனும் தனி அட்டை வாங்குகிறவனும் சம்பந்தம் செய்துகொள்ளக் கூடாது. செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அந்த அட்டைக் கடையின் உடைந்த கண்ணாடி கவுன்ட்டரே சாட்சி. கண்ணாடி மட்டுமா உடைந்தது? ஒருவனுக்கு மூன்று பல், ஒருவனுக்கு மூக்கு, ஒருவனுக்கு வலது கையில் கட்டைவிரலைத் தவிர எல்லா விரலும்.

விரல் போனவன் மெக்கானிக். தராசு பழுதுபார்ப்பது அவன் தொழில். நகைக்கடையோ மருந்துக்கடையோ, எங்கே எடை தப்பினாலும் தோள்பையில் எடைக்கற்களோடு வந்து நிற்பான். அலட்டிக்கொள்ளாத ஆள். அட்டை சேர்ப்பதிலும் அப்படித்தான். மிருகமும் பூதமும் அச்சடித்த நூற்றிருபது அட்டைகள் கொண்ட வரிசை அது. தன் ஆல்பத்தில் எது இல்லையோ அதன் நம்பரைச் சொல்லி, உறையிலிருந்து எடுக்கச் சொல்லி, ஓரம் நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, பிறகுதான் வாங்குவான்.

பாக்கெட் வாங்குகிறவன் டயர்காரன். மெக்கானிக்கின் தங்கை புருஷன். அதற்கு முன்பே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒட்டிய பாக்கெட்டில் ஏழு அட்டை இருக்கும். உள்ளே எது இருக்கிறது என்று அச்சடித்தவனுக்கே தெரியாது. டயர்காரன் அதை வாங்கி, கையால் கூட அல்ல, பல்லால் கிழிப்பான்.

"தனியா வாங்குறது பரீட்சைக்கு முந்தியே விடைத்தாள வாங்கி வெச்சுக்கிற மாதிரி மச்சான். அதுல என்னடா இருக்கு?" என்பான்.

"நீ வாங்குறதுல மட்டும் என்ன இருக்கு? ஆல்பத்துக்கு ஒண்ணு, குப்பைத்தொட்டிக்கு ஆறு."

"கிழிக்கிறப்போ ஒரு நொடி வரும் பாரு, நெஞ்சு அப்படியே நின்னு போயிரும். அதுக்குத்தான் நான் வாங்குறேன். உனக்கு அதெல்லாம் எங்க புரியப்போகுது, எடைக்கல்லுக்குப் பொறந்தவனே."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். ஆனால் ஒரு வருடமாக அந்த ஒரு நொடியில் டயர்காரனுக்கு எதுவும் வரவில்லை. மினுக்கு அட்டை என்று ஒரு வகை உண்டு. தகடு ஒட்டி, சாய்த்தால் பளபளக்கும். அதிலும் எழுபத்தேழாம் நம்பர், தீக்கொம்பு எருமை, அபூர்வம். தங்க ஓரம் வேறு. அது கிடைத்தால் டயர்காரனின் ஆல்பம் முடிந்தது. தனி அட்டையாக வாங்க மாட்டேன் என்று ஊரறியச் சபதம் போட்டிருந்தான். வாரம் தவறாமல் பாக்கெட் கிழித்தான். வந்ததெல்லாம் தகடில்லாத மொட்டை அட்டை. மெக்கானிக்கின் ஆல்பத்திலோ மினுக்கு அட்டைகள் பக்கம் பக்கமாகக் கண்ணைப் பறித்தன. எருமையும் இருந்தது.

இது எப்படி நடந்தது என்று மெக்கானிக்குக்குத் தெரியும். தெரிந்துகொண்டே வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

ஒரு வருடத்துக்கு முன் கடை முதலாளி அவனைப் பின்னறைக்குக் கூப்பிட்டு, துணி போட்டு மூடிய ஒரு சின்னத் தராசைக் காட்டினார். நகைக்கடையில் இருக்கிற மாதிரி, ஒரு இறகை வைத்தாலும் காட்டுகிற தராசு. அட்டைக் கடைக்குத் தராசு எதற்கு? சலூனுக்கு அடுப்பு எதற்கு? மெக்கானிக்குக்கு ஒரு நிமிடத்தில் விளங்கிவிட்டது. மினுக்கு அட்டையில் தகடு இருப்பதால் அந்த பாக்கெட் ஒரு துளி கனம் கூடும். முதலாளி புதுப் பெட்டி வந்ததும் ஒவ்வொரு பாக்கெட்டாக நிறுத்துப் பார்த்து, கனமானதைப் பின்னறையிலேயே கிழித்துத் தனி அட்டையாக விற்றார். மெலிந்ததை மறுபடி பெட்டியில் அடுக்கி, டயர்காரனைப் போன்றவர்கள் முன்னால் வைத்தார்.

"நீங்க தனி அட்டை ஆளு. உங்களுக்கு இதுல நஷ்டம் இல்ல," என்று முதலாளி கண்ணடித்தார். "எது வந்தாலும் உங்க கிட்டதான் முதல்ல காட்டுவேன்."

அப்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். மனுஷன் என்ன செய்தான்? எடையைச் சரிபார்த்து, தராசின் பக்கவாட்டில் தேதி போட்டுக் கையெழுத்திட்ட ஸ்டிக்கரை ஒட்டினான். அது அவன் தொழில் பழக்கம். ஸ்டிக்கர் ஒட்டாமல் எந்தத் தராசையும் விட்டு வர மாட்டான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போனான், ஒருமுறைக்கு ஒரு ஸ்டிக்கர்.

டயர்காரன் கோபக்காரன். வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே சாமான் பறக்கும். அட்டைக்காக ஒருவன் பெண்டாட்டி மேல் தட்டை எறிவானா என்று கேட்காதீர்கள். எறிகிறவனுக்கு எந்தச் சாக்கும் போதும். கண்ணாடி உடைந்ததற்கு முந்தின வாரம் மெக்கானிக்கின் தங்கை புருவத்தில் மூன்று தையலோடு வந்து நின்றாள்.

"கதவுல இடிச்சுக்கிட்டேன்ணே. அவரு ஒண்ணும் பண்ணல," என்றாள்.

எந்தக் கதவு என்று அண்ணனுக்குத் தெரியாதா? ஆனால் டயர்காரனின் சட்டையைப் பிடிக்கத் தைரியம் வரவில்லை. பிடித்தால் தராசுக் கதையும் வெளியே வரும். தங்கைக்கு மூன்று தையல் விழுந்தது. அண்ணன் போய்த் திருப்பியது நான்கு ஸ்க்ரூ.

வியாழக்கிழமை சர்வீஸுக்குப் போனபோது தராசுத் தட்டின் அடியில் இருக்கும் நான்கு மூலை ஸ்க்ரூவையும் கொஞ்சம் கொஞ்சம் தளர்த்திவிட்டான். இனி ஒரே பாக்கெட்டை இடது ஓரத்தில் வைத்தால் ஒரு எடை, வலது ஓரத்தில் வைத்தால் வேறு எடை. முதலாளி எதைக் கனம் என்று எடுக்கிறாரோ அது மொட்டையாக இருக்கலாம், எதை மெலிவு என்று பெட்டியில் போடுகிறாரோ அதில் மினுக்கு இருக்கலாம். மாப்பிள்ளைக்கு எருமை கிடைத்துவிட்டால் போதும், வீடு அமைதியாகிவிடும் என்று கணக்குப் போட்டான். கோழையின் கணக்கு எப்போதும் கச்சிதமாகத்தான் இருக்கும்.

ஞாயிறு நடுப்பகல். கடையில் நான்கே பேர். கவுன்ட்டருக்குப் பின்னால் முதலாளி. இந்தப் பக்கம் மெக்கானிக், டயர்காரன், அப்புறம் சைரன் என்று எல்லோரும் கூப்பிடும் ஆம்புலன்ஸ் டிரைவர். சைரன் வாயில்லாப் பூச்சி, எப்போதாவது வந்து ஒரே ஒரு பாக்கெட் வாங்கிப் போகிறவன். டயர்காரன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். டயர் கழற்றும் இரும்பு லீவர் இடுப்பிலேயே செருகியிருந்தது.

முதலாளி பின்னறையிலிருந்து புதுப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். டயர்காரன் கையை விட்டு ஒரு பாக்கெட்டை எடுத்தான். டயர்காரன் அதைப் புரட்டிப் பார்த்து, திரும்பப் பெட்டியிலேயே போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"ஏன்டா மாப்ள, மாத்துற?"

"ஒரு வருஷமா என் கை முதல்ல எடுத்ததெல்லாம் மொட்டை மச்சான். அதான் இப்பல்லாம் முதல்ல வந்தத விட்டுருவேன்."

அவன் விட்டதை சைரன் எடுத்தான். மெதுவாக ஓரத்தைப் பிரித்தான். ஒன்று, இரண்டு, மூன்று அட்டை. நான்காவது பளிச்சென்று அடித்தது. தங்க ஓரம், நெருப்புக் கொம்பு, எழுபத்தேழு.

சைரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவி, அதோடு நிறுத்தியிருக்கலாம். டயர்காரனின் கையைப் பிடித்து, "அண்ணே, எல்லாம் உங்க கைராசி! நீங்க தொட்டு வெச்சதுதான் எனக்கு வந்துருக்கு!" என்றான். மனதாரச் சொன்னான்.

டயர்காரன் சைரனின் பின்கழுத்தைப் பிடித்து முகத்தைக் கவுன்ட்டர் கண்ணாடியில் மோதினான். முதல் மோதலில் கண்ணாடி கீறியது. இரண்டாவதில் உள்ளே இறங்கியது. மூன்றாவதில் பற்கள் அட்டைகளின் மேல் தெறித்தன. சைரன் கத்தக்கூட இல்லை, தண்ணீருக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது.

"டேய், விடுடா! செத்துருவான்டா!" மெக்கானிக் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தான். டயர்காரன் முதுகை ஒரு உலுக்கு உலுக்கியதில் அட்டை ரேக்கோடு போய் விழுந்தான். ரேக் மேலே சரிந்தது. அவன் எழுவதற்குள் லீவர் டயர்காரன் கைக்கு வந்துவிட்டது. அது சைரனின் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

முதலாளிதான் கெடுத்தார். இல்லை, உண்மையைச் சொன்னார். பயத்தில் இருக்கிறவனுக்கு எதை மறைக்க வேண்டும் என்பது மறந்துபோகும். "அவன் மேல தப்பு இல்ல! அந்த பாக்கெட்ல அது இருக்க வாய்ப்பே இல்ல! நான் நிறுத்துப் பாத்துத்தானே வெச்சேன்!" என்று அலறினார்.

டயர்காரன் நிமிர்ந்தான். "என்னத்த நிறுத்துப் பாத்த?"

முதலாளி பின்னறைக் கதவை மறைக்கிற மாதிரி நகர்ந்தார். காலம் கடந்துவிட்டது. டயர்காரன் உடைந்த கண்ணாடிக்கு மேலாகவே அவரை இழுத்து, கல்லாப்பெட்டியின் விளிம்பில் மூக்கை இடித்தான். ரத்தம் மோவாயில் வழிந்தது. பின்னறைக்குள் போனான். துணியை உருவி வீசும் சத்தம் கேட்டது. தராசை அணைத்துத் தூக்கி வந்து கவுன்ட்டர் சட்டத்தின் மேல் வைத்தான்.

பக்கவாட்டில் ஏழு ஸ்டிக்கர் வரிசையாக இருந்தன. ஏழிலும் தேதி, ஏழிலும் ஒரே கையெழுத்து. அந்தக் கையெழுத்து டயர்காரனின் கல்யாணப் பதிவில் சாட்சியாகப் போடப்பட்டது.

அவன் லீவரை மறுபடி கையில் எடுத்தான். பிறகு ஏறக்குறைய கெஞ்சுகிற குரலில் கேட்டான். "மச்சான், நீ தராசு ரிப்பேர் பண்றவன். கூப்ட்ட எடத்துக்குப் போவ. எதுக்குன்னு உனக்குத் தெரியாது. அப்படித்தானே? தெரியாதுன்னு சொல்லுடா."

முதலாளி தரையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். லீவர் அவர் தலைக்கு நேராக இருந்தது. தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் மெக்கானிக் பிழைத்துக்கொள்வான். அடுத்த அடி அந்த மண்டையில் விழும், அதோடு அந்த மனிதன் முடிந்தான். மெக்கானிக்குக்குச் சாகப் பயமாக இருந்தது. ஆனால் ஸ்க்ரூ திருப்பி ஒரு ஆளின் தோளை உடைத்தாயிற்று, வாய் திறக்காமல் இன்னொருவனைக் கொல்ல வேண்டுமா?

சட்டத்தைப் பிடித்து எழுந்து நின்றான். "தெரியும்," என்றான். "முதல் நாள்லேருந்தே தெரியும். என் ஆல்பத்துல மினுங்குறது பூராவும் உனக்கு வந்திருக்க வேண்டியதுடா."

லீவர் திரும்பியது. சட்டத்தைப் பிடித்திருந்த வலது கையின் மேல் விழுந்தது. கையை எடுக்க நேரம் இருந்தது, எடுக்கவில்லை என்று முதலாளி பிறகு போலீஸிடம் சொன்னார். இரண்டாம் முறை விழுந்தது. மூன்றாம் முறை ஓங்கியபோது டயர்காரன் அழுதுகொண்டிருந்தான். அழுதுகொண்டே அடித்தான்.

ஆஸ்பத்திரியில் மறுநாள் காலை தங்கை வந்தாள். புருவத்துத் தையல் இன்னும் பிரிக்கவில்லை. அண்ணனின் கையைச் சுற்றியிருந்த கட்டைப் பார்த்தாள். அடுத்த வார்டில் சைரன் கஞ்சியை உறிஞ்சிக் குடிப்பதையும் பார்த்துவிட்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"உனக்காகத்தாம்மா தராசு ஸ்க்ரூவத் தளத்துனேன், அவனுக்கு அந்த அட்டை கெடைக்கட்டும்னு..." என்று அவன் ஆரம்பித்தான்.

"எனக்காகவா?" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு தெரு தள்ளித்தானே இருக்க. என் வீட்டுக் கதவத் தட்டியிருந்தா போதுமேண்ணே. யாரோ ஒரு டிரைவர் பல்லு எதுக்குப் போகணும்?"

அவனுக்கு அழுகைதான் வந்தது. அவள் தேற்றவில்லை. பையிலிருந்து எதையோ எடுத்து அவன் மடியில் போட்டாள். ஒட்டியபடியே இருக்கும் ஒரு பாக்கெட்.

"அவன் சட்டைப்பையில இருந்துச்சாம். ஸ்டேஷன்ல என்கிட்ட குடுத்தாங்க."

டயர்காரன் நேற்று மாற்றி எடுத்த பாக்கெட். மெக்கானிக்கின் இடது கை தன்னையறியாமல் அதைத் தூக்கி, உள்ளங்கையில் வைத்து, லேசாக மேலும் கீழும் ஆட்டியது.

"எடை பாக்குறியா?" என்றாள் தங்கை.

கை நின்றது. அவள் பாக்கெட்டைப் பிடுங்கி, கட்டிலுக்கடியில் ரத்தப் பஞ்சு கிடந்த வாளியில் பிரிக்காமலே போட்டாள்.

"உன் வீட்டுல ஆல்பம் வெச்சிருக்கிற ரூமக் காலி பண்ணப் போறேன். இன்னிக்கே என் சாமானக் கொண்டாந்துருவேன். அவன் வெளிய வந்து கதவத் தட்டினா, நீ போய்த் தொற. இந்தக் கையோடயே போய் நில்லு. சாவி எங்க?"

சாவி வலப்பக்கப் பையில் இருந்தது. கட்டுப் போட்ட கையால் எடுக்க வரவில்லை. அவளே குனிந்து எடுத்துக்கொண்டு போனாள்.