என் கையால் மாட்டிய இறைச்சி

என் மகன் கீசாவை வெட்டிக் கொன்றவன் என் தங்கை நெகேசாவின் மகன் சிட்டாட்டி. கரும்புக் காட்டில், ஒரு கைபேசிக்காக, பட்டப்பகலில். கழுத்தில் மூன்று வெட்டு. சின்னப் பையன் வெட்டினால் காயமும் சின்னதாகவா இருக்கும்?

அவன் பிறந்ததற்குக் காகிதம் கிடையாது. அன்றைக்குப் பதினெட்டு முடிந்திருந்தால் ஆயுள் முழுக்கச் சிறை. முடியாவிட்டால் சிறுவர் சீர்திருத்தப் பள்ளியில் மூன்று வருடம் உகாலிக் களி தின்றுகொண்டு தச்சு வேலை படிக்கலாம். டாக்டர் பல்லைப் பார்த்துப் பதினெட்டு முடிந்தது என்று எழுதிக் கொடுத்திருந்தார்.

"பெரியவரே, இந்தக் காகிதம் போதும். நீங்க வாயைத் திறக்காம உக்காந்திருங்க" என்றான் அரசு வக்கீல்.

வாயைத் திறக்காதே என்கிற வக்கீலை நான் நம்புவதில்லை. எதிர்த்தரப்பு வக்கீலோடு இவன் தேநீர் குடித்ததை என் கண்ணால் பார்த்தேன். எழுந்து நின்றேன்.

நீதிபதி ஒரு பெண். "என்ன சொல்லணும்?" என்றார்.

"அவன் ஆம்பளைன்னு சொல்லணும்மா. முன்தோல் அறுத்து ஆம்பளையாக்கியாச்சு. தாய்மாமன் நான்தான் மாட்டு நெஞ்சிறைச்சியை அவன் கழுத்துல மாட்டி, ரெண்டு அறை குடுத்து, போய் நில்லுடான்னு அனுப்பினேன். கத்தி பட்டப்ப கண்ணைக்கூட சிமிட்டல. அதுக்கப்புறம் எங்க புக்குசு குலத்து ஆளைப் பையன்னு கூப்பிட்டுப் பாருங்க, அடிக்க வருவான். இந்த டாக்டருக்குப் பல்லு எண்ண மட்டும்தான் தெரியும்."

எதிர்த்தரப்பு வக்கீல், மீசை முளைக்காத பயல், சிரித்துக்கொண்டே எழுந்தான். "சிமிட்டவே இல்லையா? நம்பற மாதிரி இல்லையே பெரியவரே. வளந்த தடிப்பயலுகளே அலறுறானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. "போடா. அன்னிக்கு அறுத்துக்கிட்ட கூட்டத்துலயே இவன்தான் கடைக்குட்டி. பன்னெண்டு வயசு. வேணாம்னு ஊரே சொல்லிச்சு, நான்தான் அனுப்பினேன்."

"எந்த வருஷம்?"

"ரெண்டாயிரத்துப் பதினெட்டு, ஆகஸ்டு."

அரசு வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"கொலை நடந்தது அதுக்கு நாலு வருஷம் கழிச்சு. அப்ப இவனுக்குப் பதினாறு" என்றார் நீதிபதி, எழுதிக்கொண்டே. "செத்தவனோட அப்பாவே சொல்றார். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

மூன்று வருடம்.

வெளியே நெகேசா முட்டி போட்டாள். "அண்ணே, எம்புள்ளையைக் காப்பாத்திட்டீங்க."

"காப்பாத்தல. உளறிட்டேன். எந்திரி."

சிட்டாட்டி போலீஸ் வண்டியில் இருந்தான். கிட்டே போனேன். "ஆம்பளைன்னு நான் சொன்னப்ப ஏண்டா தலையைக் குனிஞ்சே? எந்திரிச்சு ஆமான்னு சொல்றதுக்கென்ன?"

"பேசக் கூடாதுன்னு வக்கீல் சொன்னார், மாமா."

சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான். கீசாவின் கழுத்தில் மூன்று முறை ஓங்கிய கை, மடியில் அடக்கமாகக் கிடந்தது.

நெகேசாவின் இளையவனுக்கும் தோல் அறுக்கும் முறை வரும்; அடுத்த ஆகஸ்டில் வழக்கப்படி மணியை ஆட்டிக்கொண்டு இறைச்சி கேட்டு என் வீட்டுக்கு வருவான். வாசலில் நாயைக் கட்டி வைப்பேன்.