கில்பிரேயில் தண்ணீர் ஏறும் நேரம்

"மூடிடலாமா சார்?"

பெட்டியின் மூடியைப் பிடித்தபடி டென்சில் இரண்டாவது முறையாகக் கேட்டான். பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் சாவு வீடு என்றால் டென்சில்தான். பெட்டி, மாலை, வண்டி எல்லாம் அவன் பொறுப்பு.

"சனிக்கிழமை சார். லேட் பண்ணா டிராஃபிக்ல மாட்டிக்குவோம். ஃபாதர் வேற போன் மேல போன் போடறார்."

பெட்டிக்குள் பெர்னார்டின் மனைவி டோரீன், கல்யாண நாளுக்கு எடுத்த நீலப் பட்டில் படுத்திருந்தாள். நேற்று ராத்திரி வேலையை முடித்து, காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றி, "குழம்பைக் கொஞ்சம் சூடு பண்ணுங்க, நான் ரெண்டு நிமிஷம் சாஞ்சுட்டு வரேன்" என்று போனவள்தான். குழம்பு சூடானபோது அவள் இல்லை.

அப்போதிலிருந்து பெர்னார்ட் ஒரு சொட்டு அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டார். தண்ணீர் கேன் தீர்ந்ததும் கடைக்குப் போன் செய்தார். காலையில் சென்னையிலிருந்து ஓடி வந்த மகன் டிரேவர் வாசலிலேயே கட்டிக்கொண்டு கதறியபோதுகூட, "ஷூவக் கழட்டுப்பா" என்றுதான் சொன்னார்.

"மாமா இப்படி மரம் மாதிரி நிக்கறாரே, நெஞ்சுக்குள்ளயே வெச்சுக்கிட்டா என்ன ஆகறது?" என்று டோரீனின் தங்கை அன்னா, பக்கத்து வீட்டு வீணாவிடம் மெதுவாகச் சொன்னாள். சொன்னது அவர் காதிலும் விழுந்தது.

பெர்னார்ட் பெட்டியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். அங்கே இரண்டு கடிகாரங்கள் இருந்தன. ஒன்று பெங்களூர் நேரம். இன்னொன்று டோரீன் மாட்டியது, ஸ்காட்லாந்து நேரம். அதில் இன்னும் காலைதான்.

"டோரீன் போன் எங்கே?" என்றார் திடீரென்று.

அன்னா திகைத்தாள். "இப்ப எதுக்கு மாமா போனு?"

"எங்கேன்னு கேட்டேன்."

"அம்மா பேக்லதான் இருக்கும் டாடி" என்றான் டிரேவர்.

"பேக் எங்கே?"

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். ஹேண்ட்பேக் இல்லாமல் டோரீன் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள். அதனால் காலையில் ஜெபமாலையோடு சேர்த்து அன்னாதான் அதையும் உள்ளே வைத்தாள். "வைக்கட்டுமா மாமா?" என்று அவரிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். அவரும் தலையாட்டியிருந்தார்.

"கொஞ்சம் இரு" என்று டென்சிலிடம் சொல்லிவிட்டு அவர் பெட்டியின் மேல் குனிந்தார். "விடுங்க, விடுங்க, அழட்டும்" என்று யாரோ வழிவிட்டார்கள். ஆனால் அவர் போனது முகத்தின் பக்கம் இல்லை, காலின் பக்கம். பட்டுச் சேலையை ஒதுக்கி, பூக்களுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். அவள் கணுக்கால் அவர் மணிக்கட்டில் பட்டது. அப்போதுதான் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டின் குளிர்ச்சி. பையின் ஜிப்பைத் திறந்து போனை எடுத்துக்கொண்டு, பையைத் திரும்ப அதே இடத்தில் வைத்துச் சேலையைச் சரிசெய்தார்.

"இப்ப மூடு."

"ஆபீஸ் போனா!" அன்னாவின் குரல் உடைந்தது. "செத்தும் அவளுக்கு அந்த வேலைதானா மாமா? நாலு பேர் பாக்கறாங்க!"

"நாலு பேர் கடல்ல இறங்கிருவாங்க, அன்னா" என்றார் பெர்னார்ட்.

டோரீனின் வேலை இதுதான். ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் கில்பிரே என்று ஒரு சின்ன ஊர். அங்கே வாடகைக்கு விடுகிற ஏழெட்டுக் கல் வீடுகளில் விடுமுறைக்கு வந்து தங்குகிறவர்கள் போன் செய்தால், ரிச்சர்ட்ஸ் டவுன் சாப்பாட்டு மேஜையிலிருந்து டோரீன் பதில் சொல்வாள். எந்தப் பாதையில் போனால் அருவி வரும், எந்த வேலிக்கதவைத் திறந்தால் மறக்காமல் மூட வேண்டும், மழை நாளில் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம், டீக்கடையில் ஸ்கோன் என்கிற பன் எப்போது தீர்ந்துபோகும். ஒருமுறைகூட அந்த ஊரைப் பார்க்காதவள். மேஜையின் இந்தப் பக்கம் பேப்பர் படித்துக்கொண்டே ஆறு வருடமாக எல்லாவற்றையும் பெர்னார்டும் கேட்டிருந்தார்.

கில்பிரேயில் எல்லோரும் பார்க்க விரும்புவது பாறைத் தீவு. இடிந்த கோயிலும் கடல்நாய்களும் உள்ள தீவு. கடல் வற்றும்போது கல் பாதையில் நடந்தே போகலாம். தண்ணீர் ஏறிவிட்டால் பாதை இருந்த இடமே தெரியாது. அதனால் தீவுக்குக் கிளம்புகிறவர்களை அன்றன்று காலையில் டோரீனே கூப்பிட்டு நேரம் சொல்வாள். நேற்று, மனைவி பிள்ளைகளோடு இங்கிலாந்தின் லீட்ஸிலிருந்து வந்திருந்த கிரேம் என்பவரிடம் அவள் கடைசியாகச் சொன்னதும் அதுதான். "நான் கூப்பிடற வரைக்கும் கீழே இறங்காதீங்க." பிள்ளைகள் இரண்டும் குதித்துக்கொண்டிருக்கின்றன, காலைச் சாப்பாடு ஆனதும் பிடித்து வைக்க முடியாது என்று அந்த ஆள் சிரித்தது ஸ்பீக்கரில் கேட்டது.

"நான்தான் ஆபீஸுக்கு மெயில் போட்டுட்டேனே டாடி" என்றான் டிரேவர்.

"திங்கக்கிழமைதான் பாப்பாங்க."

போனைத் திறக்கும் எண் டிரேவர் பிறந்த வருடம்தான். கடல் நேரம் காட்டும் படத்தைத் தேடி எடுத்தார். அங்கே கடல் விடியற்காலையிலேயே வற்றி முடிந்திருந்தது. இப்போது ஏறிக்கொண்டிருந்தது. கிரேமின் எண்ணை அழுத்தினார். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

வண்டியில் பெட்டிக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து மறுபடி அழுத்தினார். எதிரே அன்னா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு அருள் நிறைந்த மரியேக்கு நடுவிலும் அவரை முறைத்தாள். சிக்னலில் நின்றபோது ஒரு ஆட்டோக்காரர் மாலை போட்ட வண்டியைப் பார்த்து நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டார். போன் அடித்துக்கொண்டே இருந்தது.

மாதா கோயில் வாசலில் வண்டி நின்றது. டென்சிலின் ஆட்கள் பெட்டியை வெளியே இழுத்தார்கள். உள்ளே ஆர்கன் தொடங்கிவிட்டது.

"சார், நீங்க பின்னாடியே வரணும். ஹஸ்பண்ட்தான் ஃபர்ஸ்ட்" என்றான் டென்சில்.

பெர்னார்ட் ஒரு காலைக் கீழே வைத்தார். அப்போது மறுமுனையில் குரல் கேட்டது. அதற்கு மேலாகக் காற்றின் இரைச்சல்.

"ஹலோ? டோரீன்?"

"நான் பெர்னார்ட். டோரீன் இடத்துல பேசறேன். எங்கே இருக்கீங்க?" ஆங்கிலத்தில் கேட்டார்.

"பாதையில்தான். பாதி வந்துவிட்டோம். அருமையாக இருக்கிறது."

"பாதை ஓரத்துல வெள்ளைக் கம்பங்க இருக்கும். அதோட அடியப் பாருங்க. தண்ணி தொடுதா?"

கொஞ்ச நேரம் காற்று மட்டும் வந்தது. பிறகு வேறு மாதிரியான குரல். "ஆமாம். தொடுகிறது."

"திரும்புங்க. இப்பவே."

"தீவுதான் பக்கமாகத் தெரிகிறது."

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். திரும்புங்க. சின்னப் பிள்ளையத் தூக்கிக்குங்க. மணல் பக்கம் குறுக்க போகாதீங்க, கால் புதையும். கம்பத்தை ஒட்டியே நடங்க. போனை வைக்காதீங்க."

"டாடி!" டிரேவர் அவர் தோளைப் பிடித்தான். "அம்மாவ உள்ள எடுத்துட்டுப் போறாங்க டாடி!"

பெர்னார்ட் கையைக் காட்டினார். போ என்றா, இரு என்றா என்று அவனுக்குப் புரியவில்லை. அவன் ஒரு கணம் நின்றுவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினான். பெட்டி படியேறியது. முதலாவதாக நடக்க வேண்டிய இடம் காலியாகவே உள்ளே போனது.

அவர் காலி வண்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். "அடுத்த கம்பம் வந்துச்சா? நல்லது. பிள்ளைங்க பாட்டுப் பாடுவாங்களா? பாடச் சொல்லுங்க, பயம் தெரியாது." டோரீன் இப்படித்தான் சொல்வாள். அவருக்குப் பின்னாலிருந்து முதல் பாட்டு கேட்டது. காதுக்குள் இரண்டு பிள்ளைகள் வேறு ஏதோ பாடிக்கொண்டு தண்ணீரைக் கலக்கி நடந்தார்கள்.

கடைசியில் ஒரு பெண்ணின் விசும்பல். சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம்.

"கரைக்கு வந்துவிட்டோம்" என்றார் கிரேம். மூச்சு வாங்கியது. "முழங்கால் வரைக்கும் ஏறிவிட்டது. கடவுளே. டோரீனிடம் நன்றி சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிறார்களா?"

பெர்னார்ட் கோயில் கதவைப் பார்த்தார்.

"உள்ள இருக்கா" என்றார். "கொஞ்சம் வேலையா."

அவர் உள்ளே போனபோது பூசையில் முதல் வாசகம் முடிந்திருந்தது. அன்னா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"வந்துட்டாங்க" என்றார்.

அன்னா அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் சீக்கிரம் முடிந்தது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். பெர்னார்ட் மூன்று பிடி மண் போட்டார். டிரேவர் நிற்க முடியாமல் மடங்கியபோது அவனைத் தாங்கிப் பிடித்ததும் அவர்தான். கூட்டம் கலைந்தது. ஆட்கள் மண்ணைத் தள்ளத் தொடங்கினார்கள்.

சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. அன்னா திரும்பினாள். அவள் டிரேவரைக் கூட்டிக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தாள்.

"தொந்தரவுக்கு மன்னிக்கவும்" என்றார் கிரேம். "பிள்ளைகள் காய்ந்துவிட்டார்கள். தீவு போனதே என்று அழுகை. நாளைக்கு என்ன பண்ணலாம் என்று டோரீன் இன்றைக்குச் சொல்வதாகச் சொன்னார்கள்."

"நாளைக்கு" என்றார் பெர்னார்ட்.

மண்வெட்டிச் சத்தத்திலிருந்து இரண்டடி தள்ளிப் போய் நின்றார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. டீக்கடை மூடியிருக்கும், ரொட்டி வீட்லயே எடுத்துக்குங்க. காலையில பழைய மாவு மில்லுக்குப் போங்க. சக்கரம் இன்னும் சுத்துது, பிள்ளைங்களுக்குப் பிடிக்கும். அதுக்குப் பின்னாடி மரத்துக்குள்ள பாதை போகும். வலது கைப் பக்கம். வேலிக்கதவை மறக்காம மூடிடுங்க, ஆடு வெளிய வந்துரும். தண்ணிச் சத்தம் கேட்கற வரைக்கும் நடங்க. அருவி சின்னதுதான். ஆனா முன்னாடி ஒரு பெஞ்ச் இருக்கு. மத்தியானம் வரைக்கும் அங்கயே உக்காரலாம்."

"அருமை. அதற்கப்புறம்? சாயங்காலம்?"

பெர்னார்ட் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமைச் சாயங்காலத்தைப் பற்றி டோரீன் யாருக்கும் சொல்லிக் கேட்டதாக அவருக்கு நினைவில்லை. குழி நிரம்பிவிட்டது. ஒரு ஆள் மண்வெட்டியைத் திருப்பி அதன் முதுகால் தட்டிச் சமமாக்கிக்கொண்டிருந்தார்.

"கேட்டுச் சொல்றேன்" என்றார்.

போனை வைத்தார். அதன் முகத்தில் செம்மண் விரல் தடங்கள் ஒட்டியிருந்தன. சட்டைக் கையை இழுத்து அதை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தார்.