கக்கூஸுக்கு முகூர்த்த நாள்

செல்லூரில் எங்கள் சந்தின் கடைசியில் இருக்கிற பெண்கள் கழிப்பறைக்குப் போட்டிருந்த பூட்டைப் பார்த்தால், உள்ளே யாரோ நகை அடகு பிடிக்கிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள். அம்புட்டுப் பெரிய பூட்டு. ரோஸ் கலர் டைல்ஸ், நீலக் கதவு, மாவிலைத் தோரணம் கட்டக் கதவுக்கு மேலே இரண்டு ஆணி. ஆணி வரைக்கும் தயார். ஆனி மாதம் பிறக்கும்போதே வேலை முடிந்துவிட்டது. ஆடி பாதி போயும் ஒரு பெண் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. சந்தின் இரண்டு பக்கமும் விசைத்தறிக் கூடங்கள். அங்கே வேலை பார்க்கிற பெண்கள் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அந்தப் பூட்டின் முகத்தில் முழித்துவிட்டுத்தான் போய் வந்தார்கள்.

கழிப்பறை வந்ததே தாமரைச்செல்வியால்தான். எனக்கு எதிர்வீடு. பசுமலையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. பஸ்ஸுக்கு நிற்கும்போதும் சரி, வாசலில் பால்காரருக்குக் காத்திருக்கும்போதும் சரி, போனில் எதையாவது தட்டிக்கொண்டே இருப்பாள். நானும் முதலில் வேறு மாதிரி நினைத்துப் பத்துப் பேரிடம் விசாரித்தேன். வலைப்பதிவு எழுதுகிறாளாம். அதற்கு ‘முக்கு’ என்று பெயர். தெருமுக்கில் நின்று ஊர்க்கதை பேசுகிற உரிமையை மதுரையில் ஆம்பிளைகள் பட்டா போட்டு வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதனால் பெண்களுக்குப் போனுக்குள் ஒரு முக்கு. கேட்டதும் எனக்கே கொஞ்சம் பொறாமைதான்.

அவளோடு சேர்ந்து அதைத் தொடங்கியவள் காஜிமார் தெரு சபிஹா. தாளிச்சா வைப்பது எப்படி என்று எழுத வந்தவள். பிறகு ஒருத்தி மூலமாக இன்னொருத்தி என்று கூட்டம் சேர்ந்தது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் பூக்கட்டுகிற பெண்கூட அதில் எழுதுகிறாள். இவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாதத்தில் ஒருநாள் எல்லோரும் ஒரே விஷயத்தை அவரவர் வார்த்தையில் எழுதுவார்கள். போன மார்கழியில் எடுத்துக்கொண்டது, வேலைக்குப் போகிற இடத்தில் தண்ணீர் குடிக்காத பெண்கள். தாமரைச்செல்வி எழுதியது எங்கள் முத்துத்தாயைப் பற்றி.

முத்துத்தாய் தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவள். தறி நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலைச் சுற்றிக் கொடுக்கிற வேலை. கூடத்து ஆம்பிளைகளுக்குச் சுவர் இருக்கிறது. நின்ற இடமே கழிப்பறை. முத்துத்தாய் என்ன செய்வாள்? காலை டீயோடு தொண்டையைச் சாத்திவிடுவாள். வீடு திரும்புகிறவரை பச்சைத் தண்ணீர் கிடையாது. வருஷக்கணக்காக இப்படி இருந்து, நீர்க்கடுப்பும் காய்ச்சலும் அவளுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி வந்து வந்து தங்கிவிட்டுப் போகும். இதை அவள் பெயரோடு, அவள் சம்மதத்தோடு தாமரைச்செல்வி எழுதினாள். அதைப் படித்தவர்கள் எங்கெங்கோ இருந்து பணம் அனுப்பினார்கள். தறிக்கூட முதலாளி மூலையில் கொஞ்சம் இடம் விட்டார். அந்தப் பணத்தை வாங்கி நற்கரம் அறக்கட்டளை கட்டிக்கொடுத்தது. பேர் மட்டும் மொத்தமாக அதன் தலைவர் சூரியபிரகாஷுக்கு.

மனிதர் கெட்டவர் இல்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. வெள்ளைச் சட்டை, பையில் நாலு பேனா, யாரைப் பார்த்தாலும் “வாங்கம்மா, சொல்லுங்கம்மா”. ஒருநாள் கழிப்பறையை போட்டோ எடுக்க வந்தவரைத் தாமரைச்செல்வி மடக்கினாள். நான் என் வீட்டு வாசலைத் திரும்பவும் கூட்டிக்கொண்டிருந்தேன்.

“அண்ணே, சாவியக் குடுங்க. பொம்பளைக போகட்டும். விழாவ நீங்க எப்ப வேணாலும் வச்சுக்கங்க.”

“என்னம்மா இப்படிச் சொல்ற? சென்னைல இருந்து பெரிய மனுசரு வாராரு. அவரு ரிப்பன் வெட்டுறதுக்கு முன்னாடி ஆளுக உள்ள போயி அசிங்கம் பண்ணிட்டா?”

“கக்கூஸுல அசிங்கம் பண்ணாம அபிஷேகமாண்ணே பண்ணுவாக?”

அவர் சிரித்தார். பெண்கள் கோபப்பட்டால் சில ஆம்பிளைகளுக்கு ஒரு சிரிப்பு வரும் பாருங்கள், அந்தச் சிரிப்பு.

“அதில்லம்மா. ஆனில அவருக்கு டேட் இல்ல. இப்ப ஆடி பொறந்துருச்சு. ஆடில எவனாச்சும் புதுசா ஒண்ணத் தொறப்பானா? ஆவணி மொத முகூர்த்தத்துல நாள் குறிச்சாச்சு.”

“எதுக்கு, கக்கூஸுக்கா?”

“கட்டடம்னா கட்டடந்தானேம்மா.”

என் துடைப்பம் நின்றுவிட்டது. கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள், காதுகுத்துக்குப் பார்ப்பார்கள். ஒண்ணுக்குப் போக ஜோசியர் நாள் குறித்துக் கொடுத்த கதையை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அன்று சாயங்காலமே சபிஹா வந்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது, என் காதும் நன்றாகத்தான் இருக்கிறது.

“நான் எழுதப் போறேன் சபிஹா. அந்த ஆளு பேரு போட்டே எழுதப் போறேன்.”

“கொஞ்சம் பொறு தாமரை. மாட்டுத்தாவணில பூக்கட்டுறவங்களுக்கும் ஒண்ணு கட்டித் தாரேன்னு வாக்குக் குடுத்திருக்காரு. இப்ப முட்டிக்கிட்டா அது போயிரும். ஒரு மாசந்தானே?”

“ஒரு மாசமா? நீயும் நானும் நாளைக்கு ஒரு பகல் அடக்கிக்கிட்டு இருந்து பாப்பமா? அப்புறம் சொல்லு ஒரு மாசத்த.”

“நான் என்ன அந்த ஆளுக்கு வக்காலத்தா வாங்குறேன்?”

“பூட்டுக்கு வாங்குற.”

சபிஹா எழுந்து போய்விட்டாள். தாமரைச்செல்வி எழுதவில்லை. கூட்டம் உடைந்துவிடும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது.

இதற்கு நடுவில் என் கொழுந்தன் மகள் காதுகுத்துக்கு பேனர் சொல்ல, உக்கிரபாண்டியின் பிளெக்ஸ் கடைக்குப் போனேன். மூலையில் சுருட்டி வைத்திருந்த பெரிய பிளெக்ஸ் ஒன்றைச் சும்மா விரித்துப் பார்த்தேன்.

“மதினி, அது பெரிய எடத்து ஆர்டரு. தொடாதீக” என்று கத்தினான் உக்கிரபாண்டி.

அதற்குள் படித்து முடித்துவிட்டேன். ‘நவீன மகளிர் ஒப்பனை அறை வளாகத் திறப்பு விழா’. ஒப்பனை அறையாம். முத்துத்தாய் அங்கே போய்ப் பவுடர் பூசிக்கொள்ளப் போகிறாள் பாருங்கள். இடது பக்கம் சென்னைப் பெரிய மனிதர், வலது பக்கம் ஆளுயரத்துக்கு சூரியபிரகாஷ், கைகூப்பி. அடியில், கண்ணாடி போட்டுத் தேடினால் தெரிகிற எழுத்தில், ‘மற்றும் மகளிர் குழுவினர்’. தாமரைச்செல்வி இல்லை, சபிஹா இல்லை, ‘முக்கு’ இல்லை. வீட்டுக்கு வந்த கையோடு எதிர்வீட்டுக்குப் போய் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தேன்.

“பேரு போடாட்டிப் போகுது மதினி, கதவத் தொறந்தாப் போதும்” என்றாள் தாமரைச்செல்வி. ஆனால் கையில் இருந்த டம்ளரை வைத்த வேகத்தில் காபி மேஜையெல்லாம் சிந்தியது.

அடுத்த நாள் முத்துத்தாய் கூடத்திலேயே விழுந்தாள். காய்ச்சல் கொதித்தது. பக்கத்துத் தறிக்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சபிஹாவின் வீட்டுக்கு அது கூப்பிடு தூரம், அவள்தான் முதலில் ஓடி வந்தாள். நானும் தாமரைச்செல்வியும் போய்ச் சேர்ந்தபோது டாக்டரம்மா முத்துத்தாயைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“போன தடவையே சொன்னேன்ல, தண்ணி குடிங்கன்னு? கிட்னி கெட்டுப்போச்சுன்னா அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது.”

“குடிச்சாப் போகணும்ல டாக்டரம்மா” என்றாள் முத்துத்தாய். “போறதுக்கு எடம் கட்டிட்டாக. சாவி மட்டும் ஆடில வராதாம்.”

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சபிஹாவுக்குப் புரிந்தது. அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். வெளியே வராந்தாவில் உட்கார்ந்து போனை எடுத்தவள், டீ வாங்கி வந்து கொடுத்தும் நிமிரவில்லை.

அவளுக்குத் தெரிந்தது சமையல் குறிப்புதான். அதையே எழுதினாள். ‘தேவையான பொருள்கள்: கழிப்பறை ஒன்று. பூட்டு ஒன்று. நல்ல நாள் பார்க்கிற ஆண் ஒருவர். பெண்கள், கிடைக்கிற அளவு. செய்முறை: பெண்களைக் காலையிலேயே கூடத்தில் போட்டு மூடிவிடவும். தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஆடி முடியும்வரை அப்படியே விடவும். நடுவில் யாராவது மயங்கி விழுந்தால் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, அடுத்தவரைச் சேர்க்கவும். ரிப்பனால் அலங்கரித்துப் பெரிய மனிதர்களுக்குப் பரிமாறவும்.’ அடியில் பூட்டின் படம், அறக்கட்டளையின் பெயர், சூரியபிரகாஷின் பெயர்.

மறுநாள் ‘முக்கு’வில் இருந்த அத்தனை பேரும் அதையே எழுதினார்கள். யாரும் நாள் பார்க்கவில்லை. பணம் அனுப்பியவர்களெல்லாம் வந்து, நாங்கள் கொடுத்தது பூட்டுக்கா என்று கேட்டார்கள். மத்தியானம் சூரியபிரகாஷே வந்து கீழே எழுதினார்: ‘சகோதரிகள் உணர்ச்சிவசப்பட வேண்டாம். நல்ல காரியம் நல்ல நேரத்தில்தான் நடக்க வேண்டும். என்றும் உங்கள் அண்ணன்.’ பூக்கட்டுகிற பெண் அதற்குக் கீழே எழுதியது: ‘எங்க அண்ணன்னா தங்கச்சிய லாரிக்குப் பின்னாடி உக்காரவிட்டு நாள் பாக்க மாட்டாரு. மாட்டுத்தாவணில நீங்க ஒண்ணும் கட்ட வேணாம். நாங்க வேற ஆளப் பாத்துக்கிறோம்.’

சபிஹா அதைப் படித்துவிட்டு தாமரைச்செல்வியைக் கூப்பிட்டாள். “எப்ப ஒடைக்கிறோம்?” என்று மட்டும்தான் கேட்டாளாம்.

ஆடி வெள்ளிக்கிழமை, ராகுகாலம். வேண்டுமென்றே பார்த்த நேரம். எங்கள் சந்து முனையிலிருந்து பெண்கள் இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு வரிசையாக நடந்தார்கள். தொட்டியில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதால் குடம். தெருவில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆடி வெள்ளி, மாரியம்மனுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று ஒதுங்கி வழிவிட்டார்கள், ஒரு பெரியவர் கும்பிடுகூடப் போட்டார். சபிஹாவின் இடுப்பிலும் குடத்தைப் பார்த்தபோதுதான் டீக்கடை பெஞ்சு லேசாக எழுந்து உட்கார்ந்தது. நானும் ஒரு குடம் எடுத்துக்கொண்டேன், வெறுங்கையோடு வேடிக்கை பார்த்தால் நன்றாக இருக்காது.

தறிக்கூடத்திலிருந்து ஒருத்தி இரும்புக் கம்பி கொண்டுவந்தாள். தாமரைச்செல்வி வாங்கிப் பூட்டுக்குள் விட்டு நெம்பினாள். முதலில் அசையவில்லை. “வா... வந்து தொல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பத் திரும்ப நெம்பினாள். பூட்டு நின்றது, தாழ்ப்பாள்தான் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது. யாரும் கைதட்டவில்லை. குடங்களைத் தொட்டியில் கவிழ்த்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கூடத்து வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த முத்துத்தாயை சபிஹா கைத்தாங்கலாகக் கூட்டி வந்து உள்ளே விட்டாள்.

“மெதுவாப் போங்கக்கா. நாங்க நிக்கிறோம்.”

“நீ வெளிய நில்லு பாயம்மா, எனக்கு வெக்கமா இருக்கு” என்று கதவைச் சாத்திக்கொண்டாள் முத்துத்தாய்.

எவனோ போன் போட்டிருக்கிறான். பைக்கை நிறுத்தியும் நிறுத்தாமலும் சூரியபிரகாஷ் இறங்கி ஓடி வந்தார். பிய்ந்த தாழ்ப்பாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரிப்பு மட்டும் வரவில்லை.

“யாரக் கேட்டுத் தொறந்தீங்க? ராகுகாலத்துல! நான் அவருக்கு என்ன பதில் சொல்றது?” என்று சொல்லிக்கொண்டே போய், என்ன நினைத்தாரோ, கழிப்பறைக் கதவை ஓங்கித் தட்டினார்.

உள்ளேயிருந்து முத்துத்தாய் குரல் கொடுத்தாள்.

“ஆள் இருக்கு!”

சந்து முழுக்கக் கேட்டது. அவர் கை அப்படியே நின்றது. பெண்கள் கூடத்திலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து வரிசையில் நின்றார்கள். விசைத்தறிச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது.

“எம்புட்டு நேரம்மா?” என்றார் அவர், வாய் தவறி.

“அடக்குனது எம்புட்டு நாளு? உடனே வருமாக்கும்?” என்றாள் முத்துத்தாய் உள்ளேயிருந்தே.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். தாமரைச்செல்வி சிரிக்கவில்லை. கம்பியை இன்னும் கீழே போடவில்லை. இன்னொரு கையை அவர் முன்னால் நீட்டினாள்.

“சாவியக் குடுங்க.”

“அதான் ஒடைச்சாச்சே. இனி சாவி எதுக்கு?”

“உங்ககிட்ட இருக்கக் கூடாது. அதுக்கு.”

அவர் சட்டைப் பையில், பேனாக்களுக்கு நடுவில் தேடத் தொடங்கினார்.