உள்ளே இரண்டு பேர்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவனுக்கு வைத்த பெயர் ‘இதோவந்துட்டேன்’. எங்கே இருக்கிறாய் என்று எப்போது கேட்டாலும் அதுதான் பதில். கேட்கும்போது ஐயா வீட்டில் பல் தேய்த்துக்கொண்டிருப்பார். இப்பேர்ப்பட்டவனைத் துணைக்கு நம்பி, விடுமுறை நாள் மத்தியானம் வேலைக்கு வந்த தன் புத்தியை நினைக்க நினைக்க அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. அக்கா என்பது அங்கே அவளுக்குப் பட்டப்பெயர். ஐந்து வருடமாக ஒரே ஆராய்ச்சியைக் கட்டிக்கொண்டு அழுதால் யாரும் அக்காதான்.

வேலை நேரம் தாண்டி யாரும் தனியாக இருக்கக்கூடாது என்பது அங்கே சட்டம். வாசலருகே ஒரு பலகை. அதில் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று இரண்டு கட்டம், ஆளுக்கொரு பெயர் ஒட்டிய காந்தம். ‘உள்ளே’ கட்டத்தில் ஒற்றைக் காந்தத்தைப் பார்த்தால் காவலாளி வந்து வெளியே அனுப்பிவிடுவார். அவரிடம் கெஞ்சிப் பிரயோஜனமில்லை.

அவள் மறுபடியும் போன் செய்தாள்.

“எங்கடா இருக்க?”

“இதோ வந்துட்டேன்க்கா. கீழ வண்டி நிறுத்திட்டிருக்கேன்.”

பின்னால் டிவி அலறியது. வண்டி நிறுத்துகிற இடத்தில் டிவி வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு போனை வைத்தாள். குளிர் அறையில் இருக்கும் மாதிரிகளை இன்றைக்குச் சோதிக்காவிட்டால் எல்லாம் கெட்டுப்போகும், பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எப்படியும் வந்து தொலைவான் என்று அவன் காந்தத்தையும் ‘உள்ளே’ பக்கம் தள்ளிவிட்டாள்.

உடனே கணவன் கூப்பிட்டான். “கூட ஆள் இருக்காங்கல்ல?”

“இருக்காங்க, இருக்காங்க. இதையே கேட்டு உசுர வாங்காதீங்க.”

“சரி. பாப்பா தூங்குறா. எழுந்ததும் கூப்பிடுறேன்.”

குளிர் அறைக்கு உள்ளிருந்து திறக்கும் பிடி எப்போதோ உடைந்துவிட்டது. சரிசெய்யச் சொல்லிச் சொல்லி எல்லோருக்கும் வாய் வலித்ததுதான் மிச்சம். ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொள்வது அங்கே பழக்கமாகிவிட்டது. இன்று பிடிக்க யார் இருக்கிறார்கள்? போனை மேஜைமேல் வைத்துவிட்டு, தண்ணீர் கேனைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, மாதிரிகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடலாம் என்று உள்ளே போனாள். ஈரத்தரையில் கேன் வழுக்கியது. கதவு நிதானமாக வந்து சாத்திக்கொண்டது.

தட்டினாள், உதைத்தாள், கத்தினாள். உள்ளே சுழன்ற மின்விசிறியின் இரைச்சல் எல்லாவற்றையும் விழுங்கியது. கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தாள். நடந்ததெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டுதான். வரட்டும், அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துவைத்துக் கேட்கிறேன் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துவைத்தாள்.

கதவின் சின்னக் கண்ணாடி வழியே காவலாளியின் தொப்பி தெரிந்தது. இரண்டு கையாலும் அறைந்தாள். அவர் பலகையைப் பார்த்தார். ‘உள்ளே’ இரண்டு காந்தம். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அப்போதுதான் அவளுக்குப் பயம் வந்தது. திட்டக்கூடத் தோன்றவில்லை. விரல்கள் மரத்துவிட்டன, பற்கள் கிடுகிடுத்தன. வெளியே மேஜைமேல் போன் ஒளிர்ந்து அணைந்தது. மறுபடி ஒளிர்ந்தது. குழந்தை எழுந்துவிட்டாள் போல.

அவள் தரையில் சரிந்து உட்கார்ந்த பிறகுதான் கதவு திறந்தது. காவலாளி மூச்சு வாங்க நின்றார்.

“உங்க வீட்டுக்காரர் கீழ செக்யூரிட்டி ரூமுக்குப் போன் பண்ணாரும்மா. ரெண்டு பேர் இருக்காங்க, நானே பாத்தேன்னு சொன்னேன். ஆளப் பாத்தீங்களா, பலகையப் பாத்தீங்களான்னு கத்துறாரு.”

அவர் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். அவள் நடுங்கிக்கொண்டே வீட்டுக்குப் போன் செய்து, நல்லாயிருக்கிறேன் என்று சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது.

“இதோ வந்துட்டேன்க்கா.”

அவள் எழுந்தாள். சேர்த்துவைத்ததெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அவன் வழக்கம்போலத் தன் காந்தத்தைத் தள்ளக் கையை நீட்டியவன், அப்படியே நின்றான். பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“யாருக்கா என்னை உள்ள வெச்சது?”

காவலாளியும் அவளைத் திரும்பிப் பார்த்தார்.