முப்பது முடிச்சுக்கு ஒரு கிரீஸ்

1

ஒரு கடிதத்தை எழுத முடியாமல்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடிதம் இன்று மாலை நாலு மணித் தபாலில் போயாக வேண்டும். இப்போது மணி பன்னிரண்டேகால்.

விஷயம் இவ்வளவுதான். போன சனிக்கிழமை கீழக்கரை ரோட்டில் ஒரு வாடகைக் கார் பனைமரத்தில் மோதியது. யாருடைய கவனக்குறைவால் மோதியது என்று லைசென்ஸ் ஆபீசிலிருந்து கேட்டிருக்கிறார்கள். காரின் சொந்தக்காரர் ஹாஜா முகைதீன் பதில் எழுத வேண்டும். அவர் ஜவுளிக்கடைக்காரர், எழுத நேரமில்லாதவர். வெற்றுத்தாளில் கையெழுத்தைப் போட்டு என்னிடம் கொடுத்துவிட்டார். "டிரைவர் பேரைப் போட்டு முடிச்சிருங்க ரைட்டரே. நீங்க எழுதினா பிசகு இருக்காது."

ரைட்டர் என்பது நான். ராமநாதபுரம் தபாலாபீசுக்கு எதிரே மேசை போட்டுப் பதினாலு வருஷமாக ஊராரின் கடிதங்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். பரமக்குடிப் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தார்கள். மேல் மூலையில் தேதி, ஒரு பாராவுக்கு ஒரு விஷயம், பாராவுக்குப் பாரா எண். கதை எழுதச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆகவே இதற்கும் எண் போட்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஆரம்பங்கள்.

"அந்திச் சூரியன் உப்பளத்தின்மேல் பொன்னை உருக்கி ஊற்றிக்கொண்டிருந்த வேளையில், அந்தக் கார் –"

இல்லை. மோதியது காலை ஒன்பதரை மணிக்கு. சூரியன் பொன்னை உருக்கவில்லை, எங்கள் மண்டையைத்தான் உருக்கியது.

"வியாகுலம் ஒரு விசித்திரமான மனிதன். அவன் கண்களில் –"

இல்லை. வியாகுலம்தான் அந்தக் காரின் டிரைவர், கண்ணில் ஒன்றும் கிடையாது. பாம்பனில் மீன் பிடிக்கிற குடும்பம். அண்ணன் தம்பி நாலு பேரில் இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் வாந்தி. கரை தெரிகிற தூரத்திலேயே குடலைக் கக்குவானாம். சர்ச்சுக்கு வெள்ளைச்சட்டை போடாத ஞாயிற்றுக்கிழமைகூட உண்டு, கேலி கேட்காத நாள் இல்லை என்று அவனே சொல்லியிருக்கிறான். அதனால்தான் ரயிலேறி வந்து கார் ஓட்டக் கற்றான். லைசென்ஸ் போனால் திரும்பப் போக அவனுக்கு வள்ளம்தான் இருக்கிறது. கதையில் உயிர்நிலை எது என்று தேடுகிறவர்கள் இங்கே ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம்.

"காரைப் பேணுவது என்பது –"

இது கட்டுரை. ஆனால் இங்கேதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வேறு வழி தெரியவில்லை.

3

கார் பழசு. கூடவே இங்கிலீஷில் ஒரு புத்தகம் வந்தது. எதை எத்தனை மைலுக்கு ஒருமுறை இறுக்க வேண்டும், எதற்கு எண்ணெய் விட வேண்டும் என்பதெல்லாம் அதில் இருந்தது. வியாகுலத்துக்கு எந்த மொழியும் வாசிக்க வராது. "நீங்க தமிழ்ல எழுதி அவனுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றார் ஹாஜா முகைதீன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் ஓட்டத் தெரியாதவன், வாசிக்கத் தெரியாதவனுக்கு, குளிர்தேசத்துக்காரன் எழுதியதை விளக்க வேண்டும். சரி என்றேன். (இந்த 'சரி'யை நீங்கள் பின்னால் நினைத்துக்கொள்வீர்கள்.)

"குளிர்காலத்தில் ரேடியேட்டர் தண்ணீர் உறையாமல் மருந்து ஊற்றவும்" என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. ராமநாதபுரத்தில்! தண்ணீர் உறைவதா எங்கள் பிரச்சினை? கிடைப்பதே உப்புத்தண்ணீர். அதை ஊற்றினால் ரேடியேட்டருக்குள் சுண்ணாம்பு அடித்ததுபோல் படியும். நல்ல தண்ணீருக்கு வியாகுலம் டின்னைத் தூக்கிக்கொண்டு கிணறு கிணறாக அலைவான்.

"பெல்ட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும்" என்று வாசித்தேன்.

"எந்த விரலுண்ணே?"

"விரல்னு போட்டிருக்கு."

"சுண்டுவிரலா, பெருவெரலா? வெள்ளக்காரன் வெரலா, நம்ம வெரலா?"

பெருவிரல் என்று நானாக எழுதினேன். பிளக்கின் இடைவெளி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இத்தனை பங்கு என்று இருந்தது. தபால் கார்டை இரண்டாய் மடித்து நுழைக்கச் சொன்னேன். கார் முன்னைவிட நன்றாக ஓடியது. என் தலைக்குக் கனம் ஏறியது அங்கேதான் என்று சந்தேகிக்கிறேன்.

4

பிறகு மைல். முன்சக்கரத்துக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் வைக்கச் சொல்கிறது புத்தகம். எங்கள் காரின் மைல் காட்டும் முள்ளோ வாங்கும்போதே செத்துப்போயிருந்தது. யோசித்தேன். ராமநாதபுரத்திலிருந்து ஏர்வாடி தர்காவுக்குப் போய்த் திரும்பினால் முப்பத்துமூன்று மைல். அப்படி முப்பது நடைக்கு ஆயிரம். (பத்து மைல் குறைகிறது. பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன்.) வலைநூலில் ஒரு முழம் எடுத்துக் கண்ணாடிக்குக் கீழே தொங்கவிட்டு, நடைக்கு ஒரு முடிச்சுப் போடு என்றேன். வெள்ளிக்கிழமைதோறும் நான் எண்ணி நோட்டில் எழுதுவேன். முப்பது ஆனதும் சீட்டுக் கொடுப்பேன். சீட்டைக் காட்டினால்தான் முதலாளி கடை அலமாரியைத் திறந்து கிரீஸ் டின்னை எடுப்பார். முந்தைய டிரைவர் ஒருவன் கிரீஸை விற்றுத் தின்றதால் வந்த ஏற்பாடு அது.

அழகான ஏற்பாடு. இப்போது எழுதும்போதும் அழகாகத்தான் இருக்கிறது. எரிச்சலே அதுதான்.

"வண்டியில ஏறுறவுக அந்தக் கயித்தத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறாகண்ணே" என்று ஒருநாள் வியாகுலம் சொல்லிச் சிரித்தான். ஏர்வாடிக்கு நேர்ச்சை வைத்துப் போகிறவர்கள் நூலில் முடிச்சுப் போடுவதும், நினைத்தது நடந்தால் வந்து அவிழ்ப்பதும் இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். நான் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன்.*

* நல்ல எழுத்தாளன் இந்த இடத்தை மறைத்துவைத்துக் கடைசியில் அவிழ்ப்பான். எனக்கு மறைக்க வேறொன்று இருக்கிறது.

5

போன வெள்ளிக்கிழமை காலை. காரை என் மேசைக்கு எதிரே நிறுத்திவிட்டு வியாகுலம் இறங்கி வந்தான்.

"ரைட்டரண்ணே, முன்னாடி இடதுபக்கச் சக்கரம் முனகுது. ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

நான் போய் முடிச்சுகளை எண்ணினேன். பத்தொன்பது.

"முப்பது ஆகலையேப்பா."

"முனகுதுண்ணே. கயிறுகூட நீண்டு கெடக்கு பாருங்க. போன வாரம் இங்கன நின்னுச்சு."

"உப்புக் காத்துல தளர்ந்திருக்கும்."

"உப்புக் காத்துல நூலு இறுகும்ணே, தளராது. பொறந்ததுல இருந்து வலையில கெடந்தவன் சொல்றேன்."

"கடலுக்குப் போனாலே கக்குற ஆளு, நீ எனக்குக் கயிறு சொல்லித்தாரியாக்கும்?"

பக்கத்து வெற்றிலைக் கடையில் நின்றிருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். வியாகுலமும் சிரித்தான். பழகிப்போன சிரிப்பு. "சரிண்ணே" என்றான்.

[இந்தப் பேச்சை நீக்கிவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அதில் நான் இன்னும் நல்லவனாக இருந்தேன்.]

6

சனிக்கிழமை காலை ஏர்வாடி போகும் வழியில் இடது முன்சக்கரம் உள்ளே காய்ந்து இறுகி ஒரேயடியாக நின்றுபோனது. கார் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்ப் பனையில் மோதியது. ஒரு பெரியவருக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு.

இதை விரித்து எழுத இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தேன். நான் அங்கே இல்லை. எனவே ஒதுக்கியதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

7

நேற்று சாலிஹா வந்தார். கொழும்பில் வியாபாரம் செய்யும் கணவருக்கு மாதாமாதம் என்னிடம்தான் கடிதம் எழுதுவார். மனம் பிசகிய தம்பியோடு வியாழக்கிழமைதோறும் வியாகுலத்தின் காரில் ஏர்வாடி போகிறவர். வழியில் தலைசுற்றும் என்பதால் முன்சீட்டில் உட்காருவார்.

"எழுதுங்க ரைட்டரய்யா. மச்சானுக்கு. போன வியாழக்கெழம தம்பி என்னைய அடையாளங்கண்டு அக்கானு கூப்புட்டான். ரெண்டு வருசத்துக்கப்பறம் கூப்புட்டான்னு எழுதுங்க."

எழுதினேன்.

"வார வழியில டிரைவரு தண்ணி எடுக்கப் போயிருந்தாரு. காருக்குள்ள ஒரு நேர்ச்சைக் கயிறு, நெறைய முடிச்சு. எந்தப் புள்ளைக போட்டதோ, அதுக கஷ்டமும் அவுறட்டும்னு துஆ செஞ்சு, கொண்டை ஊசியால பதினொண்ணு அவுத்தேன். டிரைவரு வந்துட்டாரு. இல்லேன்னா மிச்சத்தையும் அவுத்திருப்பேன்."

என் பேனா நின்றது.

"என்னய்யா, மை தீந்துருச்சா?"

"இல்லம்மா. சொல்லுங்க."

"அந்தக் காருதான் சனிக்கெழம மோதுச்சாம். ஒரு உசுருக்கும் ஒண்ணுமில்லையாம். முடிச்ச அவுத்ததுக்கு அல்லாஹ் காப்பாத்தினான்னு எழுதுங்க."

அதையும் எழுதினேன். சொன்னதை எழுதுவதுதான் என் தொழில். கடிதம் கொழும்புக்குப் போய்விட்டது.

இந்த சாலிஹாவை நம்ப முடிகிறதா உங்களால்? நானாக இருந்தால் நம்பமாட்டேன். கதைக்கு வசதியாக ஒரு பெண்ணையும் கொண்டை ஊசியையும் கொண்டுவந்திருக்கிறான் என்பேன். நான் கற்பனை செய்திருந்தால் அவரை இவ்வளவு சந்தோஷமாக வரவிட்டிருக்க மாட்டேன்.

8

முடிவுகள்.

(அ) கடிதத்தில் பெயருக்காக விட்டிருக்கும் காலிக் கோட்டில் வியாகுலத்தின் பெயரைப் போடுகிறேன். லைசென்ஸ் போகிறது. அவன் பாம்பனுக்குத் திரும்பி, விடியக்காலையில் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவன் அண்ணன்கள் –

இதை முடிக்க முடியவில்லை.

(ஆ) சாலிஹாவின் பெயரைப் போடுகிறேன். ஆபீஸ்காரர்கள் சிரிப்பார்கள். ஹாஜா முகைதீன் சிரிக்கமாட்டார். அந்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரிப்பார். பெரியவரின் கை முறியத் தானும் காரணம் என்று அந்த அம்மாவுக்குத் தெரியவரும். அதன்பிறகு யாருக்காகவும் எதையும் அவிழ்க்க அவருக்குக் கை வராது.

(இ) யார்மேலும் தப்பில்லை, கார் பழசு. இது கௌரவமான முடிவு. பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும். ஆனால் லைசென்ஸ் ஆபீஸ்காரனுக்குப் பெயர் வேண்டும். பெயர் இல்லாவிட்டால் ஓட்டியவன் பெயரை அவனே போட்டுக்கொள்வான். ஆக, இது (அ)தான்.

மூன்று முடிவிலும் ஒருவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. கவனித்தீர்களா?

9

இன்று காலை வியாகுலம் வந்தான். நெற்றியில் பிளாஸ்திரி. ஒரு துணிப்பையிலிருந்து என் சீட்டுகளையெல்லாம் எடுத்து மேசையில் வைத்தான். நான் கொடுத்த ஒன்றைக்கூட அவன் எறிந்ததில்லை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதுல்ல. இதுல எதாச்சும் எனக்குச் சாதகமா இருக்கானு பாருங்கண்ணே. மொதலாளிகிட்ட காட்டலாம்."

புரட்டினேன். அடியில் இருந்தது, வெள்ளிக்கிழமைச் சீட்டு. மறுத்தாலும் எழுதிக் கொடுப்பது என் முறை; அதன்படி அவன் கேட்டதையும் என் பதிலையும் எழுதி அன்று நானே கொடுத்தது. அதை அப்படியே இங்கே எழுதிவிடுகிறேன். பிறகு அடிக்க மனம் வராது:

"இடது முன்சக்கரம் முனகுவதாக டிரைவர் சொல்கிறார். முடிச்சு பத்தொன்பதே. கிரீஸ் தேவையில்லை."

"இருக்காண்ணே?"

"பாக்குறேன்" என்றேன்.

"மெதுவாப் பாருங்க. சாயங்காலம் வாரேன்."

அவன் போனபிறகு நோட்டைத் திறந்தேன். இதைத்தான் இவ்வளவு நேரம் மறைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை நான் எண்ணி எழுதியது இருபத்தெட்டு. அந்த வாரம் இரண்டு நடை. முப்பது வந்திருக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை எண்ணியபோது பத்தொன்பதுதான் இருந்தது. நோட்டில் ஒழுங்கு குலையக் கூடாதே என்று, அந்த இருபத்தெட்டை அடித்துப் பதினேழு என்று திருத்தினேன். பக்கத்தில் 'பிழை திருத்தப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருக்கிறேன். சக்கரம் முனகியதை ஓட்டுகிறவன் கேட்டான். கயிறு நீண்டதையும் அவன் பார்த்தான். நான் நோட்டைத் திருத்தினேன்.

10

மணி மூன்று ஐம்பது. எதிரே தபால்காரர் பையை உதறுகிறார். கடிதம் தயார். தேதி இருக்கிறது, விஷயம் இருக்கிறது, கீழே ஹாஜா முகைதீனின் கையெழுத்தும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைச் சீட்டை நுனியில் குண்டூசியால் குத்தியிருக்கிறேன். இன்னும் பிடுங்கிவிடலாம், ஒரு குண்டூசிதான். நடுவில் ஒரே ஓர் இடம் காலி:

"மேற்படி விபத்துக்குக் காரணம் ______________ என்பவரின் கவனக்குறைவே."

எழுதச் சொன்னவருக்குத் தெரியாதது, ஓட்டியவனுக்குத் தெரியாதது, முடிச்சை அவிழ்த்தவருக்குத் தெரியாதது எல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆகவே கோட்டை நீங்கள் நிரப்புங்கள். எனக்குக் கை ஓடவில்லை.

ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தக் கதையில் கோட்டுக்குப் பொருந்தக்கூடிய எல்லாருடைய பெயரையும் சொன்னேன். ஒரு பெயரை மட்டும் எங்கும் சொல்லவில்லை. தெரியாத பெயரை நீங்கள் எப்படி எழுத முடியும்? அது நியாயமில்லை.

கூத்தையா. நாலு எழுத்துக்கு மேல் இல்லை. கோட்டில் தாராளமாக அடங்கும்.