குதிகால் இல்லாத சாக்ஸ்

அக்கா பின்னிய சாக்ஸ் குதிகாலைத் தாண்டி நீண்டுகொண்டே போனது. குதிகால் வரும் இடத்தில் பாதிக் கண்ணிகளை மட்டும் பிடித்து, முன்னும் பின்னுமாகப் போய் வந்தால்தான் அங்கே ஒரு குழி விழும். வாழ்நாளெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அதைப் போட்டவள், இப்போது சுற்றிச் சுற்றிப் பின்னிக்கொண்டே இருந்தாள். யானைத் தும்பிக்கைக்கு உறை போடுகிறாளோ என்று தங்கை முதலில் சிரித்தாள். அப்புறம்தான் அக்காவுக்குக் குதிகால் போடுவதே மறந்துபோனது புரிந்தது.

தங்கை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். கல்யாணம் காட்சி எதுவும் அமையாமல் அக்காவே கதியென்று இருந்துவிட்டாள். தம்பி போன தடவை வந்தபோது கறாராகச் சொல்லிவிட்டான்: "உன்னையே பெரியக்காவுக்கு அடையாளம் தெரியாமப் போச்சுன்னா முதியோர் இல்லத்துல சேர்த்துடணும்க்கா. அப்புறம் அழக் கூடாது."

"போடா, அதெல்லாம் நல்லாத் தெரியும். உனக்கு சாக்ஸ் பின்னிட்டிருக்கா, வந்து போட்டுப் பாரு" என்று வீறாப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தாள்.

ஆகவே அக்கா குளிக்கப் போன நேரம் பார்த்து, நீண்டு போனதைப் பிரித்துக் குதிகாலைத் தானே போட்டாள். பின்னல் வராதவள் அல்ல, கைதான் இறுக்கம். "நூல் என்ன திருடனாடி? ஏன் இப்படிக் கழுத்தைப் பிடிக்கிறே?" என்று சின்ன வயதில் அக்கா கேலி செய்வாள். பாதம் நேராகப் போகிற வேலை. அதை அக்காவே மளமளவென்று முடித்தாள். விரல் நுனியைத் தங்கை மூடினாள்.

தம்பி வந்தான், ஒரு காலில் போட்டுப் பார்த்தான். "அட, கச்சிதமா இருக்கே! பெரியக்காவுக்குத் தேவலைதான் போல." தங்கைக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொய்தான், இருந்துவிட்டுப் போகட்டும், இதில் யார் குடி முழுகப் போகிறது?

அக்கா குனிந்து தம்பியின் குதிகாலைத் தடவினாள். மறுபடி தடவினாள். முகம் மலர்ந்துவிட்டது. அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாயிற்று.

"இது நான் போட்டதில்ல. என் தங்கச்சி கை இது. திருடனப் பிடிக்கிற மாதிரி நூலப் பிடிப்பா, கழுதை."

தங்கைக்குக் கண் நிறைந்தது. "ஆமாக்கா" என்றாள்.

அக்கா நிமிர்ந்து, தங்கையைப் புதிதாக வந்த ஆளைப் பார்ப்பதுபோல் மரியாதையாகப் பார்த்தாள். "அவளத் தெரியுமாம்மா உங்களுக்கு? கொஞ்சம் வரச் சொல்றீங்களா? நீங்க நல்லாத்தான் பாத்துக்கறீங்க. இருந்தாலும் அவ வந்தா பரவாயில்ல."

தம்பி சாக்ஸைக் கழற்றவில்லை.

"வரச் சொல்றேம்மா" என்றாள் தங்கை.

சில நாள் கழித்து அக்காவின் பெட்டியை அடுக்கினாள். இல்லத்தில் பின்னல் ஊசிக்கு அனுமதியில்லை. மற்றக் காலுக்காக அக்கா தொடங்கியிருந்த கொஞ்சம் பின்னல் ஊசியிலேயே இருந்தது. ஊசியை உருவிவிட்டு, நூலைப் பிரித்துச் சுற்ற ஆரம்பித்தாள்.