நூலளவு தள்ளிய தலை

மனித அறிவின் எல்லை அன்று அதிகாரபூர்வமாக வரையறுக்கப்பட்டது: மூடிப்போன கணினி ஆலையின் ஃப்ளாப்பிகளை இனி எவராலும் படிக்க முடியாது. ப்ளோவ்டிவ் நகர ஆவணக் குழுத் தலைவர் கிராஸிமிர் எழுந்து நின்று, இதை ஒரு காகிதத்தில் எழுதிவைத்துப் படித்து அறிவித்தார். அந்த ஆலையில் பதினோரு வருடம் உழைத்த ஸ்னெஷானாவின் ஓய்வூதியத்துக்கான ஒரே சான்று அவற்றில் ஒரு ஃப்ளாப்பியில்தான் இருந்தது.

“ஜெர்மன் மெஷினே கைவிரிச்சிடுச்சும்மா.”

“விரிக்கத்தான் செய்யும் தலைவரே. எங்க ஆலையில செஞ்ச டிரைவுல எழுதுற, படிக்கிற தலை எல்லாமே கொஞ்சம் தள்ளி இருக்கும். ஒழுங்கான மெஷின் ஒழுங்கான இடத்துலதான் தேடும்.”

மூன்று வாரம் அவள் சமையல் மேசையில் ஈயம் புகைந்தது. பழைய டிரைவின் தலையை நூலளவு நகர்த்த ஒரு திருகு, அது படிப்பதைக் கணினிக்கு அனுப்ப ஒரு சர்க்யூட் பலகை, இரண்டையும் அவளே வடிவமைத்தாள். எல்லாவற்றையும் தயிர் வாளிக்குள் அடக்கிக் குழுவின் முன்னால் வைத்தாள்.

“என்னம்மா இது, தயிர் வாளியா?”

“ஆமா. முடியாதுன்னு எழுதின காகிதத்தைக் கையிலயே வச்சிருங்க, கிழிக்க வசதியா இருக்கும்.”

ஃப்ளாப்பி கரகரத்தது. திரையில் அவள் பெயர் வந்தது. பதினோரு வருடமும் வந்தது. அடுத்த வரியைத் தலைவர் உரக்கப் படித்தார்.

“வேலை: டிரைவுகளில் தலை பொருத்துதல். தவறாகப் பொருத்தியதற்கு நான்கு எச்சரிக்கைகள்.”